சுவஸ்திகம்: யாருடைய நலம்?

பெங்களூர் ஸ்ரீராம்புரத்தின் சந்துகளில் ஆயுத பூஜை நாளன்று நடந்து செல்பவர் ஒரே குறியைப் பல இடங்களில் காண்பார். லேத் பட்டறையில் கழுவித் துடைத்து வைத்த இயந்திரத்தின் தலையில் அது சந்தனத்தாலும் குங்குமத்தாலும் இடப்பட்டிருக்கும். ஆட்டோவின் முகப்பில் வாழைக்கன்றுக்கும் சாமந்தி மாலைக்கும் நடுவே இருக்கும். அடகுக்கடையின் இரும்புப் பெட்டியின்மீது சிவப்பு வண்ணத்தில் நிலையாகவே எழுதப்பட்டிருக்கும். அதன் இருபுறமும் சுபம், லாபம் என்னும் இரு சொற்கள் நாகரி எழுத்தில் நிற்கும். கூலிக்கு உழைப்பவரின் இயந்திரத்திலும், அவர் வீட்டு நகையை அடகு பிடிப்பவரின் பெட்டியிலும் இருப்பது ஒரே சுவஸ்திகம்.

அருகிலேயே அக்குறியின் பெயர் ஓர் இடத்தின் பெயராகவும் வழங்குகிறது. சேஷாத்திரிபுரத்தை ஒட்டிய சந்திப்பை மக்கள் சுவஸ்திக் என்றே அழைப்பார்கள். மெட்ரோ ரயில் திட்டம் வகுக்கப்பட்ட காலத்தில் அங்கு அமையவிருந்த நிலையத்துக்கும் சுவஸ்திக் என்ற பெயரே வழங்கியது. 2014 மார்ச் 1 அன்று ஸ்ரீராம்புரம் நிலையத்தோடு அதுவும் திறக்கப்பட்டபோது பெயர் சம்பிகே சாலை என்றாயிற்று. இன்று அதன் முன்னால் ஒரு கட்டுமான நிறுவனத்தின் வணிக வளாகப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த வளாகம் எழுந்திருப்பது ஒருகாலத்தில் ராஜா மில் இருந்த நிலத்தில். நூற்பாலையின் சங்கொலி கேட்டு எழுந்த தொழிலாளர் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று அதே இடத்தில் சீருடை அணிந்த ஒப்பந்தக் காவலாளிகளாகவும் துப்புரவுப் பணியாளர்களாகவும் நிற்கிறார்கள்.

ஒரு புனிதக் குறியின் பொருளைப் பற்றிப் பேசும்போது இவ்விரு காட்சிகளையும் மனத்தில் கொள்வது நல்லது. ஏனெனில் இக்குறியைப் பற்றி நம் தோழர்களிடையே இருவகையான தவறுகள் உலவுகின்றன. சுவஸ்திகத்தைக் கண்டதும் ஹிட்லரின் கொடியை நினைத்து, அதை இயந்திரத்தில் இட்ட தொழிலாளியை முகம் சுளித்துப் பார்ப்பது ஒன்று. அது நம் பண்பாடு, அதில் அரசியல் ஏதும் இல்லை என்று கூறி ஒதுங்கிவிடுவது மற்றொன்று. முன்னது உழைக்கும் மக்களிடமிருந்து நம்மைப் பிரிக்கும். பின்னது அம்மக்களை மதவெறி அமைப்புகளின் கையில் ஒப்படைக்கும்.

சொல்லும் பொருளும்

சு என்றால் நன்று. அஸ்தி என்றால் உள்ளது. நன்றாய் இருத்தல், நலம் என்பதே சுவஸ்தி. நலம் தருவதாகக் கருதப்படும் குறி சுவஸ்திகம். குறியோ இச்சொல்லைவிட மிகப் பழமையானது. சிந்துவெளி முத்திரைகளில் அது இருக்கிறது. வேத சமயம் இந்நிலத்தில் வேர்கொள்ளுமுன்பே அங்கு வாழ்ந்த மக்கள் அதைப் பொறித்திருக்கிறார்கள். மெசபடோமியாவின் சமாரா மட்கலங்களிலும், கிரேக்க நாட்டுச் சாடிகளிலும், அமெரிக்கப் பழங்குடியினரின் நெசவிலும் அது உண்டு. உலகின் பல மூலைகளில் பல மனிதக் கூட்டங்கள் தத்தம் கைத்திறனால் கண்டடைந்த வடிவம் அது. எந்த ஒரு மதத்துக்கும் எந்த ஓர் இனத்துக்கும் அதன்மீது பட்டா கிடையாது.

இந்திய நூல்களில் இச்சொல் வரும் ஓரிடம் கவனிக்கத்தக்கது. பாணினியின் இலக்கணத்தில், கால்நடைகளின் காதில் இடப்படும் அடையாளங்களின் பட்டியலில் சுவஸ்திகமும் ஒன்று. அதாவது இந்த மாடு யாருடையது என்று காட்டுவதற்கான உடைமைக் குறி. வானுலகப் பொருள்களை மட்டும் இக்குறியில் தேடுவோர் இந்த மண்ணுலகப் பயனையும் மறத்தல் ஆகாது. மந்தை செல்வமாக இருந்த காலத்தில் நலம் என்பதும் உடைமை என்பதும் ஒரே காதில் பொறிக்கப்பட்டன.

சமணர் இதற்கு வேறு பொருள் தந்தனர். ஏழாம் தீர்த்தங்கரரான சுபார்சுவநாதரின் இலாஞ்சனை இதுவே. இதன் நான்கு கரங்கள் தேவர், மனிதர், விலங்கு, நரகர் என்னும் நான்கு கதிகளைக் குறிக்கும். மேலே இடும் மூன்று புள்ளிகள் நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகள். பிறவிச் சுழலிலிருந்து விடுபடும் விழைவு அதில் அடங்கியுள்ளது. பௌத்தம் இதைப் புத்தரின் திருவுருவத்தில் பொறித்துக் கிழக்கே கொண்டு சென்றது. சீனத்தில் பத்தாயிரம் என்னும் பொருளுடைய எழுத்தாகவே அது மாறியது. ஜப்பானிய நிலப்படங்களில் பௌத்தக் கோயிலைக் குறிக்கும் அடையாளமாயிற்று. இந்து வழிபாட்டில் விநாயகரோடும் திருமகளோடும் சேர்ந்தது. வணிகரின் பேரேட்டில் முதல் பக்கத்தைப் பிடித்தது.

தமிழ்நாட்டில் இவ்வடிவம் தண்ணீராகவும் நிற்கிறது. திருச்சிராப்பள்ளிக்கு அருகே திருவெள்ளறையில், பல்லவன் தந்திவர்மன் காலத்தில், கி.பி. 800ஐ ஒட்டிய ஆண்டுகளில், கம்பன் அரையன் என்பவன் ஒரு கிணறு வெட்டுவித்தான். கல்வெட்டு அதை மார்ப்பிடுகு பெருங்கிணறு என்று கூறுகிறது. நான்கு திசைகளிலிருந்தும் படிகள் இறங்கி, ஒவ்வொன்றும் வளைந்து நீரை அடையும் சுவஸ்திக வடிவம் அது. நலம் என்னும் சொல்லுக்கு இதைவிடச் சிறந்த உருவம் தருவது அரிது. ஆயினும் ஒரு வினா எஞ்சுகிறது. அந்த நான்கு படித்துறைகளில் சேரியிலிருந்து வந்தவர்க்கு எந்தத் துறை?

சோழர் காலத்துக் கல்வெட்டுகள் பெரும்பாலும் ஸ்வஸ்தி ஸ்ரீ என்று தொடங்குகின்றன. நலம் உண்டாகுக என்று வாழ்த்திவிட்டு அவை எதைப் பதிவு செய்கின்றன? ஏரிக்கு வைத்த முதலையும் விளக்குக்கு விட்ட ஆடுகளையும் பதிவு செய்கின்றன. பிரமதேயமாக நிலம் கைமாறியதையும், மக்களிடம் பெறவேண்டிய வரிகளையும், மனிதர்கள் கோயிலுக்கு அடிமைகளாக விற்கப்பட்டதையும் அதே வாழ்த்தோடு பதிவு செய்கின்றன. வாழ்த்து எல்லோருக்கும் பொது. அதன் கீழ் எழுதப்பட்ட உரிமை பொது அன்று.

களவு போன குறி

ஐரோப்பாவில் இக்குறிக்கு நேர்ந்ததைச் சுருக்கமாகவேனும் அறிந்துகொள்ள வேண்டும். 1870களில் ஹைன்றிக் ஷ்லீமன் டிராய் நகரம் இருந்ததாகக் கருதப்பட்ட மேட்டை அகழ்ந்தபோது இவ்வடிவம் பொறித்த பொருள்கள் ஏராளமாகக் கிடைத்தன. அதைத் தொலைவிலுள்ள ஓர் ஆரிய மூதாதையர் கூட்டத்தின் அடையாளமாக விளக்கும் போக்கு வளர்ந்தது. மாக்ஸ் முல்லர் அப்போதே எச்சரித்தார். 1880இல் ஷ்லீமனின் நூலில் வெளியான தம் கடிதத்தில், சுவஸ்திகம் என்பது இந்தியாவில் தனி வரலாறு கொண்ட சொல் என்றும், அதைப் பிற நாட்டுக் குறிகளுக்கு ஏற்றுவதைத் தாம் விரும்பவில்லை என்றும் அவர் எழுதினார். இனவாதிகள் செவி சாய்க்கவில்லை. மொழிகளின் உறவை ஆராய்வதற்கு எழுந்த ஆரியம் என்னும் சொல் இரத்தத்தின் பெயராயிற்று. குறி அந்த இரத்தத்தின் முத்திரையாயிற்று.

1918இல் மியூனிக் நகரில் தோன்றிய தூலே கழகம் அதைத் தன் சின்னமாகக் கொண்டது. 1920 மார்ச்சில் ஜெர்மன் குடியரசைக் கவிழ்க்கப் பெர்லினுக்குள் நுழைந்த எர்ஹார்ட் படையினரின் இரும்புத் தொப்பிகளில் அது தீட்டப்பட்டிருந்தது. காப் கலகம் எனப்படும் அந்த முயற்சியைச் சில நாட்களில் முறியடித்தது தொழிலாளி வர்க்கத்தின் பொது வேலைநிறுத்தம். அதே ஆண்டில் நாஜிக் கட்சி அக்குறியைத் தன் கொடியில் ஏற்றியது. 1935 செப்டம்பர் 15 அன்று அக்கொடி ஜெர்மனியின் ஒரே தேசியக் கொடியாக்கப்பட்டது. யூதர்களின் குடியுரிமையைப் பறித்த நியூரம்பர்க் சட்டங்கள் நிறைவேறியதும் அதே நாளில்தான்.

அக்கொடியின் பின்னணிச் சிவப்பு எங்கிருந்து வந்தது என்பதைத் தோழர்கள் மறந்துவிடலாகாது. இடதுசாரிகளைச் சீண்டவும் தொழிலாளர்களைத் தம் கூட்டங்களுக்கு இழுக்கவும் சிவப்பு நிறத்தைத் தேர்ந்ததாக ஹிட்லர் தம் நூலில் ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார். அந்த ஒரே கொடியில் இரண்டு களவுகள் நிகழ்ந்தன. ஆசியாவின் நலக்குறி களவு போயிற்று. பாட்டாளிகளின் நிறமும் களவு போயிற்று. தன்னிடம் சொந்தமாக ஏதும் இல்லாத பாசிசம் மக்கள் நேசிக்கும் அடையாளங்களைக் கவர்ந்தே வளர்கிறது.

ஒரு சொல்லை மொழிபெயர்ப்பது

ஜெர்மானியர் தம் சின்னத்தை ஹாக்கென்குரொய்ட்ஸ் என்றே வழங்கினர். கொக்கிச் சிலுவை என்பது அதன் நேர்ப்பொருள். ஆங்கிலப் பத்திரிகைகளும் மொழிபெயர்ப்புகளும் அதற்குச் சுவஸ்திகா என்னும் சொல்லை நிலைநாட்டின. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் அது வந்து சேர்ந்தது. நம் ஏடுகளும் பல்லாண்டுகளாக நாஜி சுவஸ்திகம் என்றே எழுதி வருகின்றன.

இப்போது வெளிநாடுகளில் சட்டமே இவ்வேறுபாட்டை ஏற்கத் தொடங்கியுள்ளது. 2022இல் கலிஃபோர்னியா மாநிலம் இயற்றிய சட்டமும், அதே ஆண்டில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் இயற்றிய சட்டமும் நாஜிக்களின் சின்னத்தை ஜெர்மன் பெயராலேயே குறித்துத் தடை செய்தன. இந்து, பௌத்த, சமண வழிபாட்டுச் சுவஸ்திகத்துக்கு விலக்கு அளித்தன. இதை வரவேற்கலாம். தன் வீட்டு வாசலில் கோலமிடும் ஒரு முதியவளை இனப்படுகொலைக்காரரின் வரிசையில் நிறுத்துவது அநீதி. கொக்கிச் சிலுவை எனத் தமிழிலும் தனிச்சொல்லைப் பழக்கத்துக்குக் கொண்டுவருவது துல்லியத்துக்கும் உதவும், மக்களோடு உரையாடவும் உதவும்.

ஆனால் இவ்வேறுபாட்டை வேறொரு காரியத்துக்குப் பயன்படுத்துவோர் இருக்கிறார்கள். இரண்டுக்கும் எவ்விதத் தொடர்பும் கிடையாது, பழியெல்லாம் மொழிபெயர்ப்பாளனுடையது என்கிறார்கள். இது பாதி உண்மை. சொல் வேறுதான், எனினும் நாஜிக்கள் அச்சின்னத்தைத் தேர்ந்தது ஆரிய இன மேன்மை என்னும் கட்டுக்கதையின் பேரில். அக்கட்டுக்கதை இந்தியாவைத் தன் சான்றாக வைத்திருந்தது. இந்தியாவிலும் அதற்குக் கைநீட்டியவர்கள் இருந்தனர். பி.எஸ். மூஞ்சே 1931இல் ரோம் நகரில் முசோலினியைச் சந்தித்தார். அங்குள்ள இளைஞர் படைப் பயிற்சியைக் கண்டு வியந்தார். கோல்வால்கர் 1939இல் வெளியிட்ட நூலில், ஜெர்மனி யூதர்களை அகற்றியதை இனப் பெருமிதத்தின் உச்சமாகக் காட்டி, இந்துஸ்தானம் கற்கவேண்டிய பாடம் என்றார். பின்னாளில் அவருடைய அமைப்பு அந்நூலைக் கைகழுவியது. அதன் மனப்பாங்கைக் கைகழுவியதா என்பதை நாட்டின் நடப்பு கூறும். ஹிட்லரை அவதாரமாகவே போற்றிய சாவித்திரி தேவி என்னும் ஐரோப்பியப் பெண்மணி கல்கத்தாவில் இந்து மிஷனின் பிரசாரகராக இருந்தார். சொற்களைப் பிரிப்பது எளிது. இந்த வரலாற்றைப் பிரித்து எறிவது இயலாது.

ஆகவே மொழிபெயர்ப்பாளரின் கடமை இரண்டு. நலக்குறிக்கும் கொலைக்குறிக்கும் வெவ்வேறு பெயர் தரவேண்டும். அவ்வேறுபாட்டின் நிழலில் ஆரியப் பெருமை தப்பிச் செல்லாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

செம்படை கற்ற பாடம்

நம் இயக்கத்தின் வரலாற்றிலேயே இதற்கொரு முன்னுதாரணம் உண்டு. 1917இல் ரஷ்யாவின் தற்காலிக அரசு அச்சிட்ட பணத்தாள்களில் சுவஸ்திகம் இருந்தது. பௌத்தர்களான கல்மிக்கியர் செம்படையில் சேர்ந்து போரிட்டபோது, 1919இல் தென்கிழக்குப் போர்முனையில் அவர்களுடைய சட்டைக் கையில் செந்நட்சத்திரத்தோடு சுவஸ்திகமும் பொறிக்க ஆணையிடப்பட்டது. ஒரு சிறிய தேசிய இனம் தன் புனிதக் குறியைப் புரட்சியின் குறியோடு சேர்த்து அணிந்தது. அதில் யாரும் குற்றம் காணவில்லை.

1922இல் நிலைமை மாறிவிட்டிருந்தது. மக்கள் கல்வி ஆணையர் லூனசார்ஸ்கி, விழாச் சுவரொட்டிகளில் இவ்வடிவத்தை அலங்காரமாகப் பயன்படுத்த வேண்டாம் என்று கலைஞர்களை எச்சரித்தார். ஜெர்மனியின் எதிர்ப்புரட்சி அமைப்புகள் அதை ஏற்றுக்கொண்டுள்ளன, பாசிச இயக்கம் முழுவதற்குமே அது அடையாளமாகி வருகிறது என்பது அவர் கூறிய காரணம். ஹிட்லர் ஆட்சிக்கு வருவதற்குப் பத்தாண்டுகள் முன்பே எழுந்த எச்சரிக்கை அது.

கோடுகள் மூன்றாண்டுகளில் மாறவில்லை. அவற்றைச் சுமந்து நின்ற சமூக சக்தி மாறியது. குறியின் பொருளைக் குறிக்குள்ளே தேடுவோர் இதை உணர்வதில்லை. எந்த வர்க்கம், எந்த நோக்கத்துக்காக, யாருக்கு எதிராக அதை ஏந்துகிறது என்பதைக் கொண்டே பொருள் அமைகிறது. கல்மிக்கியப் படைவீரனின் கையில் விடுதலையாக இருந்தது, எர்ஹார்ட் படையினன் தலையில் கொலையாயிற்று.

பட்டறையிலிருந்து தொடங்குவோம்

மீண்டும் ஸ்ரீராம்புரத்துக்கு வருவோம். லேத்தில் சுவஸ்திகம் இடும் தொழிலாளி எதை வேண்டுகிறார்? இவ்வாண்டு விரல் போகக்கூடாது, வேலை நிற்கக்கூடாது, பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட முடியவேண்டும். சு, அஸ்தி. நன்றாய் இருக்கவேண்டும். இது பொய்யான வேண்டுதல் அன்று. நியாயமான கோரிக்கை, கேட்கவேண்டிய முகவரி தெரியாமல், குங்குமமாக இயந்திரத்தின்மேல் எழுதப்பட்டிருக்கிறது. முகவரியைக் காட்டுவது தொழிற்சங்கத்தின் வேலை.

இயந்திரத்தின் சுழலும் பாகங்களுக்கு மறைப்பு இடவேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 21ஆம் பிரிவில் கூறியது. மின்விசையோடு 10 பேர் வேலை செய்தால் அச்சட்டத்தின்கீழ் அது தொழிற்சாலை. 2020இல் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் நிறைவேற்றிய தொழில்பாதுகாப்புத் தொகுப்பு இந்த எண்ணிக்கையை 20 என உயர்த்தியது. பத்துக்கும் இருபதுக்கும் இடைப்பட்ட ஆட்களைக் கொண்ட சிறுபட்டறைகள் ஒரே வரியில் தொழிற்சாலை என்னும் வரையறையிலிருந்து வெளியேற்றப்பட்டன. பண்டைப் பண்பாட்டின் காவலர் எனத் தம்மை அழைத்துக்கொள்ளும் ஆட்சியாளர்களே இதைச் செய்தார்கள். இயந்திரத்தின்மேல் உள்ள குறியைப் புனிதம் என்கிறார்கள். அதன் முன்னே நிற்கும் கையை அப்படிக் கருதவில்லை.

இதே அளவுகோலைத் தண்ணீருக்கும் வைத்துப் பார்க்கலாம். 1927 மார்ச் 20 அன்று மகாடில் அம்பேத்கர் பொதுக்குளத்து நீரை அள்ளிப் பருகியபோது, எல்லோருக்கும் நலம் என்னும் பழைய வாழ்த்துக்கு முதன்முறையாக ஒரு சோதனை வைக்கப்பட்டது. சாதி இந்துக்கள் தடியடியால் விடையளித்தனர். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது. திருவெள்ளறைக் கிணற்றின் அழகைப் போற்றுவோர் இத்தொட்டியையும் பார்க்கவேண்டும். வடிவத்தின் நான்கு கரங்களும் நான்கு திசைக்கும் திறந்திருக்கலாம். ஊரும் சேரியும் பிரிந்திருக்கும்வரை நலம் ஒரு திசைக்கே பாயும்.

எனவே பட்டறையில் இட்ட சுவஸ்திகத்தை அழிக்கச் சொல்வது நம் வேலையன்று. பொரியும் கடலையும் பகிரும் அந்தக் கூட்டத்தில் விலகி நிற்பதும் சரியன்று. பூசை முடிந்ததும் நிதானமாகக் கேட்கலாம்: இந்த இயந்திரத்துக்கு மறைப்பு உண்டா? இ.எஸ்.ஐ. அட்டை வந்துவிட்டதா? போன மாத மிகைநேரக் கூலி கணக்கில் ஏறியதா? அடகுக்கடைப் பெட்டியில் சுபமும் லாபமும் பக்கத்துப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கின்றனவே, லாபம் அவருக்குப் போகிறது, சுபம் ஏன் நம் வீட்டுக்கு வரவில்லை? சமயத்தைப் பற்றிய நெடிய சொற்பொழிவு சாதிக்காததை இக்கேள்விகள் சாதிக்கக்கூடும்.

அக்குறியைக் காட்டி இனப்பெருமை பேசி, அண்டை வீட்டு இஸ்லாமியர்மீதோ கிறிஸ்தவர்மீதோ மக்களை ஏவ எவரேனும் வருவாராயின், அப்போது லூனசார்ஸ்கியின் கண் நமக்கு வேண்டும். நலக்குறி கொலைக்குறியாகத் திரும்பும் அந்தத் தருணத்தை முதலில் கண்டு சொல்லவேண்டியவர்கள் நாமே. பட்டறைத் தொழிலாளியோடு முன்பே பேசிப் பழகியிருந்தால்தான் அன்று நம் சொல் அவர் காதில் ஏறும்.

ராஜா மில்லின் நிலம் கைமாறியது. நிலையத்தின் பெயரும் கைமாறியது. சுவஸ்திகம் என்னும் சொல்லின் பொருள் மட்டும் இன்னும் எவர் கைக்கும் முழுதாகப் போய்விடவில்லை. நன்றாய் இருத்தல் என்பதே அதன் பொருள் என்றால், எட்டு மணி நேர வேலையும், வெட்டுப்படாத விரலும், எல்லோரும் இறங்கி அள்ளக்கூடிய தண்ணீரும் அதில் அடக்கம். அந்தப் பொருளை நிறைவேற்றும் வேலை உழைக்கும் மக்களுடையது.